கைமூச்சுச் சனிக்கிழமை

"அமுக்கு... விடு. ரெண்டு, மூணு. அமுக்கு... விடு."

சங்கரகோமதியின் உதடுகள் தாமாகவே முணுமுணுத்தன. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ரப்பர் பை சுருங்கியது, விரிந்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் இருபத்தொன்றாம் கட்டில் கிழவரின் நெஞ்சு ஒரு விரற்கடை எழும்பித் தணிந்தது. அவள் மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்த ஆண்கள் கடிகாரம் முழங்கை வரை ஓடி ஓடித் திரும்பியது. கழற்றி வைக்க நேரமில்லை. கழற்றுகிற வழக்கமும் இல்லை.

சுவர்த்திரையில் ஏழாவது நிமிடம்.

கூடம் முழுக்க அதே சத்தம்தான். புஸ்... புஸ்... நீளவாக்கில் நூற்றுப்பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒருத்தர். மனைவிகள், மாப்பிள்ளைகள், கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணன்கள், காலேஜுக்கு லீவு போட்ட மகள்கள். யாரும் பேசவில்லை. பேசினால் எண்ணிக்கை தவறும். எண்ணிக்கை தவறினால் எதிரே கிடக்கிற நெஞ்சு தவறும்.

அறுபத்துமூன்றாம் கட்டிலைச் சுற்றி மட்டும் பச்சைத் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. கோமதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், உப்பளங்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்த மருத்துவமனை. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது மூச்சகம். பதினைந்து வருடங்களுக்கு முன் முதலில் வந்து, பிறகும் அவ்வப்போது திரும்பி வந்துபோன காய்ச்சல், பிழைத்தவர்களில் சிலரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அறிவு இருந்தது. காது கேட்டது. இமை அசைந்தது. மூச்சுவிட மட்டும் உடம்பு மறந்துவிட்டது.

அதை ஞாபகப்படுத்துவது சர்வரின் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு டாஸ்க். நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக விழித்து, கழுத்துப் பட்டை அனுப்பும் இரத்தக் கணக்கைப் படித்து, அடுத்த நிமிடத்துக்கான மூச்சை எழுதி அனுப்பும். பட்டை அதை நெஞ்சுக்குச் சொல்லும். டாஸ்க் நின்றால் பட்டையில் மிச்சமிருப்பது ஒரே ஒரு நிமிடம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பராமரிப்புக்காக எல்லா டாஸ்க்குகளும் தானாக அணையும். பதினோரு நிமிடம் கழித்துத் தானாக எழும். மாற்று சர்வரை முன்கூட்டியே ஓடவிடவும் முடியாது; இரண்டு சர்வர்கள் ஒரே நெஞ்சுக்கு ஒரே நேரத்தில் மூச்சு சொன்னால் நெஞ்சு கிழிந்துவிடும். அதனால் நடுவில் யாரும் சொல்லாத அந்தப் பதினோரு நிமிடம் தவிர்க்க முடியாதது. அதற்குத்தான் கைகள். கைமூச்சு முடிந்ததும் வராந்தாவில் எல்லோருமாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

சொந்தம் வராத கட்டில்களுக்கு ஊழியர்கள். சர்வர் அறையில் இருக்க வேண்டிய பொறியாளர் கோமதி மாதாமாதம் கூடத்துக்கு வந்துவிடுவாள். இருபத்தொன்றாம் கட்டிலில் யார் படுத்திருந்தாலும் பை அவளுடையது. நர்ஸ்கள் அதை ஏன் என்று கேட்பதில்லை.

ஒன்பது. பத்து.

பத்தாவது நிமிடத்தில் டாக்டர் மச்சாது பச்சைத் திரைக்குள் போக வேண்டும். போகவில்லை. தொண்ணூறாம் கட்டிலில் குழாய் கழன்று, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்று.

திரையில் பச்சைப் பொட்டுகள் சடசடவென்று விழுந்தன. பட்டைகள் பதில் சொல்லச் சொல்ல எண்ணிக்கை ஏறியது. எண்பது. நூறு. நூற்றுப்பதினொன்று.

கோமதி பையை விட்டாள். கிழவரின் நெஞ்சு தானாக எழும்பியது. "அப்பாடா" என்று கூடமே கைகளை உதறியது. இன்றைக்கு நூற்றுப்பதினொன்றுதான் கணக்கு.

திரையில் இன்னொரு பொட்டு விழுந்தது.

நூற்றுப்பன்னிரண்டு.

பச்சைத் திரைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

---

கோமதி ஓடினாள். டாக்டர் மச்சாது அவளுக்கு முன்பே திரையை விலக்கியிருந்தார்.

அறுபத்துமூன்றாம் கட்டிலில் பொன்னுலிங்கம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒழுங்காக, பட்டை சொல்கிறபடி. உதட்டில் நீலம் வடிந்து நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி முத்துச்செல்வி நின்றாள். அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் பை.

"நான் ஒண்ணும் செய்யல டாக்டர்" என்றாள். பையைக் கீழே போடவும் தோன்றவில்லை அவளுக்கு. "அவுகளா எந்திச்சிட்டாவ."

"அமுக்குனீங்களாம்மா?"

"மூணு நிமிஷம் கையக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீங்க சொன்னாப்லயே. நாலாவது நிமிஷம் ஒதடு நீலமாச்சு. என் கை என்னையக் கேக்கல."

"மெஷின் அவரத் திரும்ப எழுப்பாதுன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்? அமுக்கி என்ன பிரயோசனம்னு நெனச்சீங்க?"

"மெஷின் எழுப்பாதுன்னு தெரியும். நான் அமுக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

முத்துச்செல்வி பையைக் கட்டிலில் வைத்தாள். தன் கைகளைப் பார்த்தாள். ஓயும்வரை என்று அவை சொல்லின.

பொன்னுலிங்கம் உடற்பயிற்சி ஆசிரியர். மாவட்ட வாலிபால் போட்டிகளுக்கெல்லாம் நடுவர். ஊரே அவரை விசில் வாத்தியார் என்றுதான் கூப்பிடும். ஒன்பது வருடமாகக் கட்டிலில். தலைக்கு மேலே எழுத்துகள் ஓடுகிற பலகை. வேண்டிய எழுத்தில் இமைக்க வேண்டும். மூன்று வருடமாக அவர் அதில் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்: 'போதும். விட்டுவிடுங்கள்.'

இப்போது பலகையில் எழுத்துகள் நகர்ந்தன. அவர் இமைத்தார். ஒவ்வொன்றாக விழுந்தது.

ஃபவுல்.

முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை. அடுத்த வரி வர இரண்டு நிமிடம் ஆனது.

கை வலிக்குதா?

---

சர்வர் அறையின் கதவைச் சாத்தியதும் டாக்டர் மச்சாது கேட்டார். "பட்டியல்ல நம்பர் போட்டீங்களா இல்லையா?"

"நேத்து சாயங்காலமே போட்டேன். இந்தா பாருங்க."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. 'திரும்ப எழுப்ப வேண்டாதவை: கட்டில் 63.'

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. ஊரில் அதை விரல் சட்டம் என்பார்கள். ஒரு நோயாளியின் டாஸ்க்கை எந்த மனிதனும் தன் விரலால் அணைக்கக்கூடாது. அணைத்தால் அது கொலை. ஆனால் மாதம் ஒருமுறை மெஷின் எல்லாவற்றையும் தானே அணைக்கிறது. அப்படி அணைத்ததில் ஒன்றைத் திரும்ப எழுப்பாமல் விடலாம். நோயாளி கேட்க வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும், மூன்று டாக்டர்கள் ஒப்ப வேண்டும். அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. சொந்தக்காரர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் ஒன்றுதான், மெஷின் எழுப்பப் போவதில்லை என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுவார்கள். யார் விரலும் இல்லை. யார் பாவமும் இல்லை.

ஐந்து வருடத்தில் பதினான்கு பேர் அப்படிப் போயிருந்தார்கள். பதினான்கு எண்களையும் பட்டியலில் அடித்தவள் கோமதி. எண் அடிப்பது எண் அடிப்பது மட்டும்தான் என்று அவளும் நம்பியிருந்தாள்.

"அப்ப ஏன் எழுப்புச்சு?"

"தெரியல டாக்டர். புரோகிராமத் தொறந்து பாக்கணும்."

"சீல் வச்சதாச்சே?"

"கோளாறுன்னா தொறக்க எனக்கு உரிமை உண்டு. இது கோளாறுதானே?"

மச்சாது கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. "ஒரு மணிக்கு அறிக்கை போயிரும்."

அதுவும் ஒரு டாஸ்க்தான். ஒவ்வொரு பராமரிப்பு முடிந்ததும் மதியம் ஒரு மணிக்கு சர்வர் தானாகவே சென்னைக்கு ஓர் அறிக்கை அனுப்பும். எத்தனை அணைந்தன, எத்தனை எழுந்தன, பட்டியலில் எத்தனை. இன்றைக்கு அது ஒரு சிவப்பு வரியோடு போகும். சிவப்பு வரி போனால் விசாரணை வரும். விசாரணை வந்தால் பட்டியல் முறையே நிறுத்தப்படும். பொன்னுலிங்கம் கேட்டது, அவருக்கு மட்டுமல்ல, இனி யாருக்கும் கிடைக்காது.

"அந்த அறிக்கை டாஸ்க்க மட்டும் ஆஃப் பண்ண முடியுமா?" டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முடியும். அதுக்கு விரல் சட்டம் கிடையாது."

"ஒரு நாள். என்ன ஏதுன்னு நமக்குத் தெரியிற வரைக்கும்."

கோமதி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்தாள். பிறகு அந்த வரியைத் தேடி, விரலை வைத்து அணைத்தாள். திரையில் அது சாம்பல் நிறமானது. அணைப்பது இவ்வளவு சுலபமா என்று ஒரு கூச்சம் உள்ளங்கையில் ஏறியது.

பிறகு புரோகிராமின் சீலை உடைத்தாள்.

புரோகிராம் மூன்று பகுதிகள். அருளப்பன் எழுதியது. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற்று மூன்று வருடம். எந்த வரி எதற்கு என்று பக்கத்திலேயே தமிழில் குறிப்பு எழுதி வைப்பது அவர் பழக்கம். முதல் பகுதி: ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்குகளைக் குறித்துக்கொண்டு அணை. இரண்டாவது: பராமரிப்பு. மூன்றாவது: குறித்து வைத்ததையெல்லாம் எழுப்பு.

மூன்றாவது பகுதியின் தலையில் ஒரு குறிப்பு இருந்தது.

'பட்டியலில் உள்ள கட்டில்களை இங்கே நீக்க வேண்டும்.'

அதற்குக் கீழே ஒரு வெற்று வரி.

கோமதி மேலே போனாள், கீழே வந்தாள். வேறெங்காவது அந்தப் பட்டியலைப் படிக்கிற வரி இருக்கிறதா என்று தேடினாள். ஓர் இடத்தில் இருந்தது: அதைத் திரையில் சாம்பல் நிறத்தில் காட்டுவதற்கு. அவ்வளவுதான்.

"என்னம்மா?"

"இருங்க டாக்டர்." அவள் போனை எடுத்தாள்.

---

நாசரேத்தில் அருளப்பன் வீட்டில் மணி அடித்தது. நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் எங்கோ கோழி கொக்கரித்தது.

"சார், கோமதி பேசுதேன்."

"ஏ கோமதி! நல்லாருக்கியா? என்ன, இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே..."

"மூணாவது பகுதில ஒரு வெத்து வரி இருக்கு சார்."

மறுமுனையில் கோழிச் சத்தம் தள்ளிப் போய், ஒரு கதவு சாத்தப்பட்டது.  பிறகு அவர் கேட்டார்.

"யாரு முழிச்சிக்கிட்டா?"

கோமதி ஸ்பீக்கரைப் போட்டாள். மச்சாது நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"விசில் வாத்தியார். அவர் பொண்டாட்டி பைய அமுக்கிட்டாவ."

"நல்லதுதான்" என்றார் அருளப்பன். பிறகு தொண்டையைச் செருமினார். "ஒரு வாரம் உக்காந்தேன் கோமதி. அறுபதாயிரம் வரி எழுதுனவன். அந்த ஒரு வரி வரல. அத எழுதுனா அணைச்சது மெஷின் இல்ல, நான்தானே? இனி போறவுக எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையா நான் அணைச்சு வச்சாப்ல ஆயிருமே."

"அதனால என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு விட்டேன். சோதனை பண்ண சென்னைலேருந்து வந்தானுவ. பட்டியல்ல ஒரு ஆளில்லாத கட்டில் நம்பரப் போட்டுப் பாத்தானுவ. ஆளில்லாத கட்டில்ல பட்டை ஏது, பதில் சொல்ல? திரைல வரல. சரியா வேலை செய்யிதுன்னு முத்திரை குத்திட்டுப் போயிட்டானுவ."

"அப்புறமும் சொல்லலியே சார்."

"எனக்கு என்ன தோணுச்சுன்னா... யாராவது கடைசி நேரத்துல மனசு மாறி அமுக்கிட்டா, அவன் பொழச்சுக்கிடட்டும். மெஷின் குறுக்க நிக்கக்கூடாது. ஒரு கதவத் தொறந்து வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"தொறந்திருக்குன்னு யாருக்கும் சொல்லலியே சார்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. வேறு ஒரு கேள்விக்காகக் காத்திருப்பவர் போல லைனிலேயே இருந்தார். கோமதி அதைக் கேட்கவில்லை.

"உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

---

டாக்டர் மச்சாது கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஏசி குளிரில் நெற்றி வேர்த்திருந்தது.

"அப்ப அந்தப் பதினாலு பேரு?"

"அவங்க டாஸ்க்கும் எழும்பியிருக்கும் டாக்டர். பதினோராவது நிமிஷம், டாண்ணு. எழும்பி, மூச்ச எழுதி அனுப்பியிருக்கும். வாங்கிக்கப் பட்டை இல்ல."

"பத்தாவது நிமிஷம் நாடி பாத்துட்டு நான் பட்டையக் கழட்டிருவேன்." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "அவங்க அதுக்கு முன்னாலயே போயிருந்தாங்க கோமதி. நாடி இல்லாமத்தான் கழட்டினேன். பதினாலு தடவையும்."

"ஆமா. பத்து நிமிஷம் மூச்சில்லாம இருந்ததால போயிருந்தாங்க. பக்கத்துல இருந்தவங்க அமுக்காததால."

கோமதி திரையில் அந்த வெற்று வரியைக் காட்டினாள்.

"மெஷின் எதையும் முடிவு பண்ணல" என்றாள் கோமதி. "ஒரு தடவகூட. அன்னைக்கு அவங்க அமுக்கியிருந்தா, இன்னைக்கு வாத்தியார் மாதிரி..."

"போதும்."

மச்சாது எழுந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தால் உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேளுங்க. நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். சொந்தக்காரங்க என்ன பாடு படுவாங்கன்னு எனக்குத் தெரியும். இந்தப் பட்டியல் வந்த பிறகுதான் அவங்க வீட்டுக்குப் போய்த் தூங்கறாங்க. பதினாலு குடும்பம். தன்னோட கைக்கு இதுல பங்கு இல்லன்னு நம்பி உயிரோட இருக்காங்க. இப்பப் போய்க் கதவத் தட்டி, 'உங்க கைதான் காரணம்'னு சொல்றதா? யாருக்கு என்ன லாபம்?"

"வரிய இப்ப எழுதிரச் சொல்லுதீங்களா?"

"எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த மாசத்துலேருந்து நாம சொன்னது உண்மையாயிரும். பொன்னுலிங்கம் கேட்டதும் அவருக்குக் கிடைக்கும். பழசு அப்படியே கெடக்கட்டும்." திரும்பினார். "உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

கோமதி வெற்று வரியைப் பார்த்தாள். அதில் துடித்துக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள். எந்த வார்த்தை, எந்த வரிசை என்று கைக்குத் தெரிந்திருந்தது. அருளப்பன் ஒரு வாரம் உட்கார்ந்தும் வராதது அவளுக்கு அரை நிமிடத்தில் வரும்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்திருதேன்" என்று எழுந்தாள்.

மணி பன்னிரண்டு பதினைந்து.

---

வராந்தாவில் பந்தி முடிகிற நேரம். புளிசாத வாசனை. கை வலிக்கு யாரோ தைலம் பூசிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் பேச்சும் கிண்டலுமாக இருக்கும். இன்றைக்கு எல்லோரும் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூணோரம் முத்துச்செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலை. தொடவில்லை.

"சாப்பிடுங்கம்மா."

"வெரலு மடங்கல மேடம். அதான் சும்மா இருக்கேன்." விரித்துக் காட்டினாள். விரல்கள் இன்னும் பையைப் பிடித்த வளைவில் நின்றன. "உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்."

கோமதி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவுககிட்டக் கேட்டேன். கோவமான்னு. இல்லன்னாவ. அடுத்த மாசம் திரும்ப உக்காருவியான்னு கேக்காவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்கு முன்னால எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாவணும்." அவள் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா, அவுக போறது மெஷினாலயா, என் கையாலயா?"

கோமதி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய பதில் தயாராக இருந்தது. பதினான்கு முறை சொல்லிப் பழகிய பதில். அரை நிமிடத்தில் அதை உண்மையாகவும் ஆக்கிவிடலாம்.

"எனக்காவச் சொல்லாதீங்க மேடம்" என்றாள் முத்துச்செல்வி. "முப்பத்தொரு வருஷம் அவுக கூட இருந்துட்டேன். எதுனாலும் தாங்கிருவேன். ஆனா இன்னைக்கு நாலாவது நிமிஷத்துல என் கை போச்சுல்லா, அது ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும். அமுக்கினா இருப்பாவ, விட்டா போயிருவாவன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் வேற மாதிரி சொன்னீங்க. கை சொன்னது சரியா, நீங்க சொன்னது சரியா?"

கொஞ்ச தூரத்தில் ஒரு குழந்தை டம்ளரை உருட்டிவிட்டது. அது உருண்டு வந்து காலடியில் நின்றதும் கோமதி எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"உங்க கைதாம்மா சரி."

முத்துச்செல்வி தலையை ஆட்டினாள். அழுவாள் என்று கோமதி நினைத்தாள். அவள் அழவில்லை. மடங்காத விரல்களால் ஒரு கவளத்தைச் சிரமப்பட்டு எடுத்தாள்.

"அப்பச் சரி. அவுககிட்ட அதையே சொல்லுதேன். 'ஏய்யா, நீரு போறதுன்னா என் கையாலதான் போவணும். தெரிஞ்சே கேக்கீரா? கேட்டா, தெரிஞ்சே உக்காருதேன். இல்லன்னா இப்பிடியே கெடயும்'னு." கவளம் வாய்க்குப் போகும் முன் நின்றது. "தெரியாம உக்காந்துட்டுப் போன மத்தவங்கள நெனச்சாத்தான் மேடம் மனசு ஆறல. ஒரு தடவ அமுக்கிப் பாத்திருக்கலாமேன்னு அவங்களுக்குத் தோணவே விடலியே நீங்க."

கோமதி எழுந்துகொண்டாள். கடிகாரத்தை மணிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு சர்வர் அறைக்கு நடந்தாள்.

---

சர்வர் அறையில் மச்சாது அதே இடத்தில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எழுதப் போறதில்ல. அப்படித்தானே?"

"எழுதலாம் டாக்டர். சொல்லிட்டு எழுதலாம். எல்லாரும் தெரிஞ்சு, பேசி, சரின்னா யாராவது எழுதட்டும்."

"பதினாலு வீடு கோமதி."

"தெரியும்."

"நீங்க தாங்குவீங்களா?"

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாற்பது. அறிக்கை டாஸ்க் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அணைத்த அதே விரலால் அதை எழுப்பினாள். பச்சையாயிற்று. இன்னும் இருபது நிமிடத்தில் அது தானாக விழித்து, தானாகக் கிளம்பிப் போகும். இனி அதை நிறுத்துவதென்றால் இன்னொரு விரல் வேண்டும். மச்சாது தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சிவப்பு வரிக்குக் கீழே 'பொறியாளர் விளக்கம்' என்று ஒரு கட்டம். கோமதி அடித்தாள்.

'பட்டியல் ஒருபோதும் படிக்கப்படவில்லை. எல்லா டாஸ்க்குகளும் எல்லா மாதமும் எழுப்பப்பட்டன. கீழ்க்கண்ட பதினான்கு நிகழ்வுகளில், உடனிருந்தவர் கைமூச்சு கொடுத்திருந்தால் நோயாளி உயிரோடு இருந்திருப்பார். அவர்களிடம் இது மறைக்கப்பட்டது.'

'மறைக்கப்பட்டது' என்பதை அழித்துவிட்டு 'சொல்லப்படவில்லை' என்று போட்டாள். அதையும் அழித்துவிட்டு முதலில் எழுதியதையே திரும்ப எழுதினாள்.

அடுத்து அட்டவணை. நோயாளி, கட்டில், தேதி, உடனிருந்தவர். பழைய பதிவுகளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பதினான்கும் அவள் அடித்த எண்கள். முதல் வரி ஒரு மகன். இரண்டாவது ஒரு தங்கை. மூன்றாவது, நான்காவது மனைவிகள். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தாள். மச்சாது ஒவ்வொரு பெயருக்கும் தலையை மட்டும் அசைத்தார். எட்டாவது வரி முடிந்தபோது அவர் அவள் தோளில் கை வைத்து, "நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

மணிக்கட்டிலிருந்து சரிந்த கடிகாரம் கீபோர்டில் இடித்தது. கோமதி அதைக் கழற்றினாள். மேஜையில் முகம் தெரியும்படி வைத்தாள். ஒன்பதாவது வரியை அடித்தாள்.

நோயாளி: ஆறுமுகநயினார்.

கட்டில்: 21.

உடனிருந்தவர்: மனைவி, சங்கரகோமதி.

அன்றைக்கு ஐந்தாவது நிமிடத்தில் அவள் கை பை வரைக்கும் போனது. மெஷின்தான் எழுப்பப் போவதில்லையே என்று திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.